பட்டறையிலிருந்து போன பாட்டுகள்

நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறையை விட்டு ஒரு புது லாரி வெளியே போகும்போது எலுமிச்சம்பழமும் மாலையும் ஒரு பென்டிரைவும் கூடவே போகும். பழம் டயருக்கு. மாலை முன்கண்ணாடிக்கு. பென்டிரைவ் டிரைவருக்கு, பட்டறைக்காரர்களின் அன்பளிப்பு. வண்டிக்கு ஒயரிங் இழுத்த எலக்ட்ரீசியனே கேபினுக்குள் ஸ்பீக்கரை மாட்டி, அந்தப் பென்டிரைவைச் செருகி, பூசை முடிந்ததும் பிள்ளையார் பாட்டில் ஆரம்பித்து வைப்பார். அதற்கப்புறம் அம்மன் பாட்டு, சினிமாப் பாட்டு என்று பட்டறைக் கம்ப்யூட்டரில் கிடப்பதெல்லாம் வரும். பல டிரைவர்கள் அதை மாற்றுவதே இல்லை. மொழி தெரியாத ஊர்களில் மாதக்கணக்கில் ஓடும் வண்டிக்குள் அந்தப் பாட்டுகள் மட்டும்தான் தமிழ்.

அப்படிப் போன பென்டிரைவ்கள் சிலவற்றில் என் குரல் இருக்கிறது. இப்போதும் அது எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். நான் அதை அனுப்பவில்லை.

என் அப்பா லாரி டிரைவர். அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கப் போகிறவர். இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனதில்லை. என் சித்தப்பா, பெரியப்பா, மாமன்மார் வீடுகளிலும் என்னைத் தவிர யாரும் பத்தாவதைத் தாண்டியதில்லை. நான் கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, பி.எட். முடித்து, நாமக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்படாமல் இதைச் சொல்ல எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் முதலில் நுழைந்த அச்செழுத்து கேசட் அட்டையில் இருந்தது. அப்பா ஓட்டிய பழைய வண்டியில் டேப் செட் இருந்தது. வண்டியை விற்றபோது ஓனர் கேசட் பெட்டியை அப்பாவிடமே கொடுத்துவிட்டார். அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் அப்பா எந்தக் கேசட் என்று கண்டுபிடிப்பார். நான் இரண்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்ட ஆரம்பித்ததும், மடியில் உட்கார வைத்து, "இதுல என்ன போட்டிருக்குது, படி சாமி" என்பார். சினிமாக் கேசட்டுகளில் பாடியவர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் மட்டும்தான் இருக்கும். சாமிப் பாட்டுக் கேசட்டும் கிராமியப் பாட்டுக் கேசட்டும் அப்படி இல்லை. தவில் இன்னார், வயலின் இன்னார், புல்லாங்குழல் இன்னார் என்று பொடி எழுத்தில் அடியில் போட்டிருப்பார்கள். அந்தப் பொடி எழுத்துகளைப் படித்துப் படித்துத்தான் நான் வாசிக்கப் பழகினேன். ஒரு கேசட்டில் இருந்த தவில்காரர் வேறொரு கேசட்டிலும் இருப்பதை ஒரு நாள் கண்டுபிடித்து, அவர் ஏதோ எங்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி அப்பாவிடம் ஓடினேன். அப்பா இரண்டு கேசட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டுவிட்டு, "ஆமா, அதே கைதான்" என்றார்.

வளர்ந்தபின் இணையத்தில் தேடித் தேடி சினிமாப் பாட்டுகளுக்கும் அந்தப் பொடி எழுத்தைச் சேகரித்தேன். எந்தப் பாட்டில் யார் குழல், யார் தபேலா என்று தெரியும். கல்லூரித் தோழிகள் கேலி செய்வார்கள். எல்லாருக்கும் பாட்டு என்றால் பாடுகிறவர். எனக்கு அவருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள்.

அப்பாவின் ஓனர் ஒரு புது வண்டிக்குப் பாடி கட்டக் கொடுத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்க அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பட்டறையில் வெல்டிங் பொறிக்கும் மரத்தூளுக்கும் நடுவில் வண்டி நின்றது. கேபினுக்குள் ஒருவர் தலைகீழாகப் படுத்து ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரைச் சோதிக்க ஒரு பாட்டைப் போட்டார். திருவிழாப் பாட்டு. நான் அப்பாவிடம், "நம்ம பொட்டில இருக்கற தவில்காரர்தானுங்கப்பா" என்றேன்.

டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "இல்லீங்க. அவரோட தம்பி."

"அண்ணன்தான்" என்றேன்.

"பந்தயமுங்களா?"

"எதுக்குப் பந்தயம்? எனக்குத் தெரியும்."

அவர் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். முகமெல்லாம் கிரீஸ். அப்பா சிரித்துக்கொண்டே, "எம் புள்ள டீச்சர் தம்பி. கணக்கு. அதுகிட்ட வாயக் குடுக்காத" என்றார்.

அன்றே தேடிப் பார்த்தோம். இரண்டு பேரும் தோற்றோம். அது அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அவர்களின் மாப்பிள்ளை. அப்படித்தான் அவருடைய எண் என்னிடம் வந்தது.

அவர் வாரநாட்களில் பட்டறையில் எலக்ட்ரீசியன். பண்டிகைக் காலத்தில் ஓமலூர் பக்கத்து ஆர்கெஸ்ட்ரா ஒன்றில் ரிதம் பேடு வாசிப்பவர். கோயில் மேடைகளில் கடைசி வரிசையில், டியூப்லைட் வெளிச்சம் எட்டாத இடத்தில் நின்று இரண்டு குச்சியால் அடித்துக்கொண்டிருப்பார். அவரும் என்னைப் போலவே பின்னால் இருப்பவர்களைக் கேட்கிறவர். எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டாயிற்று. ஒருவர் ஒரு பாட்டை அனுப்ப வேண்டும். மற்றவர், அந்தப் பாட்டில் வாசித்த யாராவது ஒருவர் வாசித்திருக்கும் வேறு பாட்டை அனுப்ப வேண்டும். பாடியவரைக் கொண்டு இணைத்தால் செல்லாது. இசையமைத்தவரைக் கொண்டு இணைத்தாலும் செல்லாது. அது சுலபம். பின்னால் இருப்பவர்கள் வழியாகத்தான் போக வேண்டும்.

நான் ஒரு அம்மன் பாட்டை அனுப்புவேன். அதில் உடுக்கை அடித்தவர் எங்கோ ஒரு சோகப் பாட்டில் மோர்சிங் வாசித்திருப்பார். இவர் அதைப் பிடிப்பார். அந்தச் சோகப் பாட்டின் குழல்காரரை வைத்து நான் ஒரு தாலாட்டுக்குப் போவேன். சில சமயம் பதில் வர மூன்று நான்கு நாளாகும். அவர் தேடிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தேடலை என்மேல் காட்டும் அக்கறை என்றே எடுத்துக்கொண்டேன். தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அதை இன்றும் சொல்வேன்.

நாங்கள் கடைசிவரை வாங்க, போங்க என்றுதான் பேசிக்கொண்டோம். அவர் என்னை டீச்சர் என்பார். நான் அவரை ஏனுங்க என்பேன். மேட்டூர் அணைப் பூங்காவில் வறுத்த மீனை ஒரே தட்டில் வைத்துத் தின்ற நாளிலும் அப்படித்தான்.

அந்த நாளில்தான் அவர் சொன்னார். "எங்கம்மா, மாமன் புள்ளயக் கட்டிக்கோன்னு நிக்குதுங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நா ஒண்ணுஞ் சொல்லலீங்க."

"ஒண்ணும் சொல்லாட்டி அது சரின்னு அர்த்தம்."

"அப்படி இல்லீங்க டீச்சர். ஊட்ல பேசறேன். கொஞ்சம் டைம் குடுங்க."

அவர் வீட்டார் சொந்தத் தோட்டத்தில் குடியிருப்பவர்கள். பூமி காய்ந்து போய்த்தான் அவர் பட்டறைக்கு வந்தார். ஆனாலும் தோட்டத்துக்காரர்கள். நாங்கள் ஊருக்கு அந்தப் பக்கம், வேறு தெரு. என் தெருவிலிருந்து ஒருவர் அவர்கள் வீட்டுக்குப் போனால் வாசலுக்கு வெளியே களத்தில்தான் நிற்க வேண்டும். நான் எம்.எஸ்ஸி. படித்ததால் அந்தக் களம் அங்கிருந்து நகர்ந்துவிடவில்லை. இதை இரண்டு பேரும் ஒரு நாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டே பூங்காவில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

என்னால் கெஞ்ச முடியாது. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. எதைக் கேட்பதாக இருந்தாலும் நிமிர்ந்து நின்று கேட்க வேண்டும் என்று நினைக்கிறவள். எங்கள் விளையாட்டு வழியாகவே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. ஒரு தொகுப்பு செய்ய முடிவெடுத்தேன். என் அப்பாவின் கேசட் பெட்டியில் முதல் பாட்டு. அதிலிருந்து பின்னால் இருப்பவர்கள் வழியாக ஒவ்வொன்றாக நகர்ந்து, கடைசியில் அவரிடம் போய்ச் சேர வேண்டும். கோயில் மேடையில் பேடு வாசிக்கிற ஓர் எலக்ட்ரீசியனிடம்.

அவர் தன்னை ஒரு இசைக்காரர் என்றே எண்ணியதில்லை. "நம்மளதெல்லாம் கணக்குல வருமுங்களா டீச்சர், கரண்டுல அடிக்கறது" என்பார். கணக்கில் வரும் என்று காட்ட நினைத்தேன்.

சங்கிலி எளிதாகப் பாதிவரை வந்துவிட்டது. தவில்காரரிலிருந்து ஒரு சினிமாத் திருவிழாப் பாட்டு. அதன் வயலின்காரர்களில் ஒருவர் வாசித்த ஒரு மழைப் பாட்டு. அதில் தபேலா வாசித்தவர், பிறகு அவரோடு சேர்ந்து வாசித்த அவருடைய மாணவர், அந்த மாணவரோடு வாசித்த ஒரு குழல்காரர். அங்கே நின்றுவிட்டது. சென்னையின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் ஓமலூர் ஆர்கெஸ்ட்ராவுக்கும் நடுவில் பாலம் இல்லை.

பாலம் அந்த ஆர்கெஸ்ட்ராவிலேயே இருந்தது. அதில் மூத்த பாடகி ஒருவர் இருந்தார். எல்லாரும் அக்கா என்பார்கள். இளம் வயதில் சில வருடம் சென்னையில் கோரஸ் பாடியவர் என்று கேள்விப்பட்டேன். கேசட் அட்டைகளில் கோரஸ் பாடியவர்கள் பெயர் இருக்காது. 'குழுவினர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அவர் வாயால்தான் கேட்டாக வேண்டும். மேச்சேரிப் பக்கம் ஒரு மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு அந்த ஆர்கெஸ்ட்ரா வந்தபோது, என் தோழியைக் கூட்டிக்கொண்டு போனேன். மேடைக்குப் பின்னால் அக்கா பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குழல்காரரின் பாட்டைச் சொல்லி, இதில் பாடியிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

கண்ணாடியை மடியில் வைத்துவிட்டார். "அட, அத ஆரும்மா உனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. தேடிக்கிட்டு இருக்கேன்."

"நாங்க பொம்பளையாளுக ஆறேழு பேரு. ஒரே மைக்கு. நா குள்ளம்னு எனக்கு ஸ்டூல் போட்டாங்க." என்று சொல்லிவிட்டு, அந்த இரண்டு வரி ஆலாபனையைப் பாடினார். வெறும் 'ஆ' தான். குரல் கரகரத்திருந்தது. ஆனால் அது அதே 'ஆ'. அந்தப் பாட்டை அத்தனை முறை கேட்டிருந்த எனக்கு, அதிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பாடி முடித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்குக் கண்ணு இதெல்லாம்? எங்க செட்டுல ஆரு மேல இத்தன அக்கற உனக்கு?"

என் தோழி சிரித்துவிட்டாள். அக்கா மேடையின் கடைசி வரிசைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கெட்டிக்காரி. நல்ல தாளக்காரனாத்தான் புடிச்சிருக்கற" என்றார்.

அன்று அக்கா பாடிய அம்மன் பாட்டை முழுதாக ஃபோனில் பதிவு செய்தேன். அதில் நடுவே பேடு மட்டும் தனியாக வரும் இடம் உண்டு. கூட்டம் விசிலடிக்கும். அதுதான் என் தொகுப்பின் கடைசிப் பாட்டு.

ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் நானே பேசிப் பதிவு செய்தேன். இந்தப் பாட்டில் இருந்து அடுத்த பாட்டுக்கு எப்படி வந்தேன் என்று சொல்ல வேண்டுமே. சொல்லாவிட்டால் அது வெறும் பாட்டுகள். அம்மா பண்ணைக்குப் போனபின், மின்விசிறியை நிறுத்திவிட்டு, பீரோக் கதவைத் திறந்து, சேலைகளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பேசினேன். அப்படிப் பேசினால் எதிரொலிக்காது என்று அவர்தான் ஒருமுறை சொல்லியிருந்தார். தீவன லாரி ஒன்று ஹாரன் அடித்துக் கெடுத்தது. மறுபடி பேசினேன். முதலில் என் குரல் வகுப்பு எடுப்பதுபோல இருந்தது. போகப் போக மாறிவிட்டது. எனக்கே தெரிந்தது.

கடைசிப் பாட்டுக்கு அப்புறம் நான் சொன்னது இதுதான்: "கடைசியா வாசிச்சது நீங்கதான். எங்கப்பாவோட பொட்டில இருந்து உங்க கை வரைக்கும் வந்துட்டேன். என் பக்கம் முடிஞ்சுது. அடுத்தது உங்க பக்கம். இந்தத் தடவ பாட்டு அனுப்ப வேண்டாம். உங்கம்மாவக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வாங்க."

கோப்புகளுக்கு வரிசை எண் மட்டும் கொடுத்தேன். லாரி செட்டில் எண் வரிசைப்படிதான் ஓடும் என்பதும் அவர் சொல்லிக் கொடுத்ததே. பேருந்து நிலையத்தில் பென்டிரைவைக் கொடுத்தபோது, "முழுசாக் கேளுங்க" என்றேன்.

"கேட்டுட்டுச் சொல்றேனுங்க டீச்சர்" என்றார்.

சொல்லவில்லை. முதல் வாரம், தேடுகிறார் என்று நினைத்தேன். பழக்கதோஷம். பிறகு பண்டிகை வேலை என்று நினைத்தேன். ஆடி போனது. பாட்டு அனுப்ப வேண்டாம் என்று சொன்னவள் நான்தான், அதனால் பாட்டும் வரவில்லை. நானாக அழைக்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது. ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்பது என் வகுப்பில் மட்டும்தான்.

ஆவணியில் ஒரு நாள் மதிய இடைவேளையில் அப்பா அழைத்தார். நாக்பூரில் லோடு இறக்க வரிசையில் நின்றிருந்தார். அந்த நேரத்தில் அவர் அழைக்கமாட்டார்.

"சாமி, சாப்ட்டியா?"

"சாப்ட்டுட்டிருக்கேனுங்கப்பா. என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. பக்கத்துல ஒரு நம்மூரு வண்டி நிக்குது. புதுசு. பட்டறைல இருந்து வந்து ஒரு மாசந்தானாம்." பின்னால் வடநாட்டு ஆட்கள் சத்தம் கேட்டது. "அதுல ஒரு புள்ள பேசுது சாமி. பாட்டுக்கு நடுவுல. மொதப் பாட்டு நம்ம பொட்டில இருந்த பாட்டு."

டிபன் பாக்ஸை மூடினேன்.

"அப்பா, நீங்க முழுசாக் கேட்டீங்களா?"

"இன்னும் ஓடிக்கிட்டிருக்குது" என்றார். "நீ சாப்புடு. நா அப்பறம் கூப்புடறேன்."

கூப்பிடவில்லை. நாக்பூரிலிருந்து அவர் வந்து சேரும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வந்து, குளித்து, சாப்பிட்டு, அம்மா பண்ணைக்குக் கிளம்பிப் போகும்வரை காத்திருந்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துக் கட்டிலில் வைத்தார். பட்டறை பெயர் அச்சடித்த அன்பளிப்புப் பென்டிரைவ்.

"அந்த டிரைவர்கிட்டக் கேட்டு வாங்கியாந்துட்டேன். எதுக்குன்னு கேட்டான். பாட்டு நல்லாருக்குதுன்னேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வரிசைல நின்ன டிரைவருக எல்லாம் கேபினைச் சுத்தி நின்னு கேட்டாங்க சாமி. ஆருங்க அந்தப் புள்ள, ரேடியோக்காரப் புள்ளயா, எத்தன வெவரம் பேசுதுன்னாங்க. பீகாருக்காரன்கூட நின்னான், அவனுக்கு என்ன புரிஞ்சுதோ." அப்பா லேசாகச் சிரித்தார். "எம் புள்ளதான்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள கடைசி வந்துருச்சு."

என் அப்பா, எந்த ஊர் டீக்கடையிலும், சம்பந்தமே இல்லாத ஆட்களிடம்கூட, எம் புள்ள எம்.எஸ்ஸி. என்று சொல்கிறவர். சுங்கச்சாவடியில் ரசீது கிழிப்பவரிடம் சொன்னவர். அன்று என் குரலை அத்தனை பேர் பாராட்டியபோது அவர் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் அப்படி நின்ற இடத்தைத்தான் என்னால் இப்போதும் தாண்டி வர முடியவில்லை. மற்றதெல்லாம் என்னுடைய துக்கம். அதை நான் தாங்கிக்கொள்வேன்.

"அந்தப் பையன் ஆரு? நம்ம வண்டிக்கு ஒயரு இழுத்தானே, அவனா?"

"ஆமாங்கப்பா."

"அவிய வந்தாங்களா, நா இல்லாதப்ப?"

"இல்லீங்கப்பா."

பென்டிரைவை என் பக்கம் நகர்த்திவிட்டு, "நா வேணா போய்ப் பேசட்டுமா சாமி?" என்றார்.

அவர் போயிருப்பார். வெள்ளை வேட்டியும் ஓனர் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சட்டையும் போட்டுக்கொண்டு, பழம் வாங்கிக்கொண்டு, தோட்டத்துக்குப் போயிருப்பார். செருப்பை எங்கே விடுவார் என்றுகூட எனக்குத் தெரிந்தது. களத்தில் அவர் நிற்பதையும், உள்ளேயிருந்து யாரோ ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து தூரத்தில் வைப்பதையும் கண்ணால் பார்த்த மாதிரி பார்த்தேன். அவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

"வேண்டாங்கப்பா" என்றேன். "நீங்க யார் வீட்டுக் களத்துலயும் நிக்க வேண்டாம்."

அவர் தலையை ஆட்டினார். சண்டை போடவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை பள்ளி மதியத்தோடு முடிந்தது. பட்டறைக்குப் போனேன். அவர் ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஃபியூஸ் எதையோ நோண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். இளைத்திருந்தார்.

"எங்கப்பா நாக்பூர்ல என் பேச்சக் கேட்டார்" என்றேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். நடந்தது இவ்வளவுதான். அவர் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பென்டிரைவை இங்கே செருகிக் கேட்டிருக்கிறார். வீட்டில் அம்மா கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று பாட்டுகளை இந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் பென்டிரைவைக் காலி செய்துவிட்டார். இத்தனை பாட்டுக்கு நடுவில் இது யாருக்குத் தெரியப் போகிறது என்று பாட்டு ஃபோல்டருக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் அந்த ஃபோல்டரை அப்படியே அள்ளிப் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பது பட்டறை வழக்கம். போட்டுக் கொடுப்பவர் எப்போதும் அவரேதான். கை பழகிய வேலை. எதை அள்ளுகிறோம் என்று பார்த்துச் செய்வதில்லை.

"எத்தன வண்டி போச்சுன்னு தெரியலீங்க டீச்சர்" என்றார். "சத்தியமா நா யோசிக்கவே இல்லீங்க."

"அத விடுங்க. நீங்க கேட்டீங்களா?"

வெளியே யாரோ இரும்பை அறுத்தார்கள். அது நிற்கும்வரை காத்திருந்தார்.

"கேட்டேனுங்க. நம்ம அக்கா கோரஸ் பாடுன பாட்டு வரைக்கும் கேட்டேன். அது எங்கிட்டத்தான் வருதுன்னு தெரிஞ்சு போச்சு. அதுக்கு மேல கேட்டா என்னால அம்மாகிட்ட சரின்னு சொல்ல முடியாதுங்க. நிறுத்திட்டேன்."

"சரின்னு சொல்லிட்டீங்களா?"

"ஐப்பசில வெச்சிருக்காங்க."

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். உட்காருங்க என்று அவரும் சொல்லவில்லை, சொல்ல மறந்திருப்பார். நாக்பூரில் யாரென்றே தெரியாத டிரைவர்கள் கடைசிவரை கேட்டிருக்கிறார்கள். பீகார்க்காரர் கேட்டிருக்கிறார். என் அப்பா கேட்டிருக்கிறார். யாருக்காகச் செய்தேனோ அவர் மட்டும் கடைசிக்கு முன்னால் நிறுத்திவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் பயமில்லாமல் முழுதாகக் கேட்டிருப்பார்.

"நான் பேசினதையெல்லாம் அழிச்சிடுங்க" என்றேன். "இனிமே போற வண்டியில என் குரல் போகக் கூடாது."

அவர் மவுஸைப் பிடித்தார். என் எண்கள் வரிசையாகத் திரையில் இருந்தன. ஒன்று விட்டு ஒன்றாக என் குரல். ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தார். கடைசிக்கு வந்ததும் அவர் கை நின்றது.

"பாட்டு இருக்கட்டுங்களா?"

"பாட்டு இருக்கட்டும். கடைசிப் பாட்டு மட்டும் வேண்டாம். அதையும் சேர்த்து எடுத்துடுங்க."

"அது என்ன பாட்டுங்க டீச்சர்?"

அந்த நொடியில் நான் சொல்லியிருக்கலாம். ஸ்பீக்கர் பக்கத்திலேயே இருந்தது. ஒரு தடவை சொடுக்கினால் போதும். அக்கா குரலும் கூட்டத்தின் விசிலும் அவர் கையின் தாளமும் அந்தத் தகர அறையை நிரப்பியிருக்கும். அவர் தன்னை ஒரு தடவையும் கேட்டதில்லை. கூட்டத்தைப் பார்த்து வைத்த ஸ்பீக்கர் மேடையில் பின்னால் நிற்கிறவருக்குக் கேட்காது. கேட்டிருந்தால் ஐப்பசி மாறியிருக்குமோ என்னவோ. அப்படி மாறினால் அது என் கேள்விக்கான பதில் ஆகாது. ஒரு பாட்டைப் போட்டு மயக்கியதாகும். என்னைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் அவர் அமைதியான ஓர் அறையில், எந்தத் தாளமும் இல்லாமல், தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

"ஒரு நோம்பிப் பாட்டு" என்றேன். "ஃபோன்ல எடுத்தது. அவ்வளவு தெளிவா இருக்காது."

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் அழுத்தினார். திரையில் பாதி வரிசை இல்லாமல் போனது. மீதிப் பாட்டுகள் விட்டுப்போன எண்களோடு கிடந்தன. தவில்காரர், வயலின்காரர், தபேலாக்காரர், அவர் மாணவர், குழல்காரர், பேர் போடாத அந்தக் கோரஸ். ஒன்றுக்கு அடுத்து ஏன் இன்னொன்று வருகிறது என்று இனி யாருக்கும் தெரியாது.

"டீ சாப்புடறீங்களா டீச்சர்?" என்றார். கேட்டபின் அவருக்கே கூச்சமாகிவிட்டது.

"சாப்பிடறேன்" என்றேன்.

வெளியே ஒரு கேபினுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் நிழலில் நின்று முழு டம்ளரையும் குடித்தேன். சூடு குறையக் காத்திருக்கவில்லை. அவர் பக்கத்தில் நின்றார், குடிக்கவில்லை. டம்ளரைக் கழுவித் திட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு, "வாரேனுங்க" என்றேன். எங்கள் பக்கத்தில் போகும்போது அப்படித்தான் சொல்வோம். அவர் தலையாட்டினார்.

பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வீடு வரும்வரை அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் யாரு கண்ணு போயிட்டாங்க என்று கேட்டார். யாரும் இல்லீங்க என்றேன். வீட்டில் அப்பா இருந்தார். அடுத்த நடைக்கு இன்னும் ஓனர் கூப்பிடவில்லை. என் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல், கட்டிலில் தனக்குப் பக்கத்தில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.